4 ஜிபிக்கு மேல் ஏறாத டிரைவும் மாசி மாதக் காமன் கூத்தும்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அவரிடம் 1 டெராபைட் வெளி ஹாட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. எப்போதோ ஒரு கடையில், டிவிடி பிளேயரிலும் ஓடட்டும் என்று ஃபாட்32 என்ற, டிரைவில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் ஒரு முறையில் ஃபோமட் செய்து கொடுத்திருக்கிறார்கள். இப்போது அதில் 640 ஜிபி நிரம்பிக் கிடக்கிறது. இந்த மாசியில் தோட்டத்தில் ஆடிய, ரதி மன்மதன் கதையான காமன் கூத்தை விடிய விடிய எடுத்து, வெட்டி ஒட்டி, 11 ஜிபியில் ஒரே வீடியோவாக ஆக்கியிருக்கிறார். அதை டிரைவில் போடப் போனால், கோப்பு மிகப் பெரியது என்று திருப்பி அனுப்புகிறது. காலியாக 290 ஜிபி இருந்தும் இப்படி. அவர் கேட்டவை மூன்று. இதை என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறைக்கு மாற்றலாமா? உள்ளே இருப்பது அழியாமல் மாற்ற முடியுமா? நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்?

சரி தம்பி. மாற்றலாம். அழியாமல் மாற்ற வின்டோஸிலேயே ஒரு கட்டளை இருக்கிறது, பெரும்பாலும் அது ஒழுங்காகத்தான் வேலை செய்யும். ஆனால் அந்தக் கட்டளையை நம்பி இறங்குவதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். பிரதி எடுத்துவிட்டாலோ, அந்தக் கட்டளையே தேவையில்லாமல் போய்விடுகிறது. நான் சொல்லப்போவதெல்லாம் இந்த முடிச்சைச் சுற்றித்தான்.

அதற்கு முன் ஒரு வேடிக்கை. "பழைய ஃபாட்32 இலிருந்து புதிய என்டிஎஃப்எஸ்ஸுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். என்டிஎஃப்எஸ் 1993 இல் வின்டோஸ் என்டியுடன் வந்தது. ஃபாட்32 வந்ததோ 1996 இல், வின்டோஸ் 95 இன் திருத்திய பதிப்போடு. ஆக, நீங்கள் புதியது என்று சொல்வது மூன்று வயது மூத்தது. ஆனால் ஃபாட் குடும்பத்தின் வேர் 1970களின் ஃப்ளொப்பி காலத்தில் இருக்கிறது. பழைய வீட்டுக்கு ஓடு மட்டும் மாற்றியது போலத்தான் ஃபாட்32. என்டிஎஃப்எஸ் அத்திவாரத்திலிருந்தே வேறாகக் கட்டியது.

உங்கள் 11 ஜிபி ஏன் ஏறவில்லை? ஃபாட்32 இல் ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், திகதி, அளவு எல்லாம் குறித்து வைக்க 32 பைட்டில் ஒரு சின்னப் பதிவு இருக்கிறது. அதில் அளவை எழுத ஒதுக்கியிருப்பது 4 பைட் மட்டும். அந்த 4 பைட்டுக்குள் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் எழுதக் கட்டம் இல்லை. டிரைவில் எவ்வளவு இடம் காலி என்பது இங்கே பேச்சே இல்லை. உங்கள் கெமரா வினாடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் 33 நிமிடத்தில் அந்த 4 ஜிபி நிரம்பிவிடும். தப்பு மேளம் முழங்க ரதியும் மன்மதனும் பொட்டலுக்கு வந்து சேரவே அவ்வளவு நேரம் ஆகும். அதனால்தான் பல கெமராக்கள் நீளமான பதிவைத் தாமே துண்டு துண்டாக வெட்டிவிடுகின்றன. வெட்டு சரியாகப் பாட்டின் நடுவில் வந்து விழும், அது வேறு எரிச்சல்.

4 ஜிபி பிரச்சினை ஒன்றுதான் என்றால் வீடியோவை மூன்றாக வெட்டிப் போட்டுவிட்டுப் போகலாம். மாற்றச் சொல்வதற்கு எனக்கு அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. நம்மூர்க் கரண்டுதான் அது.

ஃபாட் முறையில் ஒரு கோப்பின் துண்டுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்பது ஒரு பெரிய அட்டவணையில் சங்கிலியாக இருக்கும். முதல் துண்டின் இடத்தில் அடுத்த துண்டின் எண், அதன் இடத்தில் அதற்கடுத்த எண், இப்படியே போகும். உங்கள் டிரைவில் துண்டு ஒன்று 32 கிலோபைட் என்றால், ஏறக்குறைய மூன்று கோடி துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்று அட்டவணை மட்டும் 120 எம்பியைத் தாண்டும். அதே அட்டவணைக்கு இன்னொரு பிரதியும் பக்கத்திலேயே உண்டு. ஒரு கோப்பை எழுதும்போது அட்டவணையைத் திருத்த வேண்டும், கோப்புறையின் பதிவைத் திருத்த வேண்டும், காலி இடக் கணக்கைத் திருத்த வேண்டும். இதில் ஒன்று முடிந்து மற்றது முடியாத நேரம் பார்த்துக் கரண்ட் போனால் சங்கிலி அறுந்துவிடும். எங்கே அறுந்தது என்று சொல்ல ஃபாட்டிடம் எந்தக் குறிப்பும் இல்லை.

என்டிஎஃப்எஸ் இதைச் செய்யும் விதம் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை என்ன செய்கிறார்? ஆளாளுக்கு எத்தனை கிலோ என்று கையிலிருக்கும் சின்னப் புத்தகத்தில் அந்த இடத்திலேயே குறித்துக்கொள்கிறார். செக்ரோல் என்ற பெரிய சம்பளப் பதிவேட்டில் ஏற்றுவது அப்புறம். ஏற்றிக்கொண்டிருக்கும்போது லைட் போனாலும் சின்னப் புத்தகம் இருக்கிறதே. மறுபடி விளக்கு வந்ததும் அதைப் பார்த்துச் சரி செய்துவிடலாம். என்டிஎஃப்எஸ்ஸிலும் அப்படி ஒரு குறிப்புப் புத்தகம் உண்டு. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் அதில் எழுதிவிட்டுத்தான் உண்மையான இடத்தில் கை வைக்கும். கரண்ட் போய் வந்தால் குறிப்பைப் பார்த்து, பாதியில் நின்றதை ஒன்று முடித்துவிடும், இல்லையென்றால் முழுதாகத் திருப்பிவிடும்.

ஒன்றை மட்டும் தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். அந்தப் புத்தகம் காப்பாற்றுவது கணக்கை, கொழுந்தை அல்ல. சாக்கு அவிழ்ந்து கொழுந்து பள்ளத்தில் கொட்டிவிட்டால் குறிப்பைப் பார்த்து அதை அள்ள முடியாது. கொப்பி ஆகிக்கொண்டிருந்த வீடியோ பாதியில் நின்றால் அந்த வீடியோ போனதுதான். ஏற்கெனவே டிரைவில் இருக்கும் மற்ற கோப்புறைகளின் ஒழுங்கு குலையாது என்பதுதான் கிடைக்கும் லாபம்.

இன்னொரு சின்ன லாபமும் உண்டு. 32 கிலோபைட் துண்டில் 2 கிலோபைட் கடிதம் ஒன்றை வைத்தாலும் 32 முழுவதும் அதற்கே போய்விடும். சின்னச் சின்னக் கோப்புகள் ஒரு இலட்சம் இருந்தால், சராசரி அரைத் துண்டு வீண் என்று பார்த்தாலும் ஒன்றரை ஜிபிக்கு மேல் காற்றில் போகிறது. என்டிஎஃப்எஸ் வழக்கமாக எடுப்பது 4 கிலோபைட் துண்டு. அதில் அந்த வீண் 200 எம்பி அளவில் நிற்கும்.

இப்போது ஃபாட் குடும்பத்தின் இன்னொரு முறையான எக்ஸ்ஃபாட் பற்றி. உங்கள் நண்பர் அதைத்தான் போடச் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னதில் பாதி சரி. 2006 இல் வந்தது, 4 ஜிபி தடை இல்லை, மக் கணினியிலும் எழுதலாம், புதிய கெமராக்களின் 64 ஜிபி அட்டைகள் எல்லாம் அதில்தான் வருகின்றன. ஆனால் மேலே சொன்ன குறிப்புப் புத்தகம் எக்ஸ்ஃபாட்டில் இல்லை. அட்டவணையும் பெரும்பாலும் ஒன்றேதான், ஃபாட்32 போல இரண்டாவது பிரதிகூட இருக்காது. ஊருக்கு ஊர், ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ கொண்டு திரிகிற பென் டிரைவுக்கு அது நல்லது. வீட்டில் வின்டோஸ் லெப்டொப்போடு கிடந்து பத்து வருடச் சேமிப்பைச் சுமக்கும் டிரைவுக்கு நான் என்டிஎஃப்எஸ்தான் போடுவேன். மக் கணினி என்டிஎஃப்எஸ்ஸை வாசிக்கும், ஆனால் தனியாக ஒரு மென்பொருள் போடாமல் அதில் எழுதாது. உங்கள் கல்யாண வீடியோக்களை எடிட் செய்பவர் மக் வைத்திருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் கிடக்கும் சின்னப் பென் டிரைவ் ஒன்றை என்டிஎஃப்எஸ் ஆக ஃபோமட் செய்து, ஒரு பாட்டைப் போட்டு, வீட்டு டிவியிலும் டிவிடி பிளேயரிலும் செருகிப் பாருங்கள். ஓடினால் சரி. பழைய பிளேயர்கள் பல ஃபாட்32 தவிர வேறெதையும் திறக்காது. டிரைவை மாற்றிய பிறகு அம்மா சீரியல் பார்க்கும் நேரத்தில் இது தெரியவந்தால் வீட்டில் உங்களுக்குச் சோறு இல்லை.

அடுத்தது தரம் பிரிப்பது. 640 ஜிபியும் ஒரே மதிப்பு இல்லை. சினிமாப் படங்கள், பாட்டுகள், மென்பொருட்கள் எல்லாம் போனாலும் திரும்பக் கிடைக்கும். திரும்பக் கிடைக்காதது எது? நீங்கள் எடுத்த கூத்து, திருவிழா, கல்யாணம், செத்த வீடு. தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தை ஸ்கேன் செய்து வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அது. மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் 1964 இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தக் காலத்துக் காகிதங்கள் பல, தோட்டத்து லயன் வீடுகளில் கூரை ஒழுக்கிலும் கறையானிலும் கரைந்துவிட்டன. ஸ்கேன் மட்டும்தான் மிச்சம் என்றால் அந்த ஒரு கோப்பு மற்ற 600 ஜிபியைவிடப் பெரியது. இப்படிப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு 60, 80 ஜிபிதான் வரும். அது ஒரு 128 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும். எந்த வழியில் போனாலும் இதை முதலில் செய்துவிடுங்கள், இன்றைக்கே.

இந்த இடத்தில் என் கைப்பட்ட ஒரு கதையைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒருவர் இதே போல ஃபாட்32 டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தார். கோப்புறைகள் சில திறக்கவில்லை. நான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில், மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்துவிடுவோம் என்று டிரைவில் பிழை தேடும் செக்டிஸ்க் என்ற வின்டோஸ் கட்டளையை, திருத்தும் எழுத்தையும் சேர்த்து ஓடவிட்டேன். அது ஓடி முடிந்து, ஒரு குறையும் இல்லை என்றது. திறந்து பார்த்தால் மகளின் பூப்புனித நீராட்டுப் படங்கள் இருந்த கோப்புறையைக் காணவில்லை. அதற்குப் பதிலாக ஒரு புதிய கோப்புறை, உள்ளே 0000, 0001 என்று எண் மட்டும் போட்ட நூற்றுக்கணக்கான கோப்புகள். பெயரும் இல்லை, திகதியும் இல்லை. செக்டிஸ்க் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அறுந்த சங்கிலிகளை எல்லாம் பொறுக்கி எண் போட்டு அடுக்கிவிட்டது. அதற்கு வேண்டியது அட்டவணையின் ஒழுங்கு, உங்கள் படம் அல்ல. ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியை வைத்து மூன்று இரவு உட்கார்ந்து முக்கால்வாசியை மீட்டேன். மிச்சக் கால்வாசிக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து கொப்பி முதலில், செக்டிஸ்க் அப்புறம்.

செக்டிஸ்க்கை வெறுமனே, திருத்தும் எழுத்தைச் சேர்க்காமல் ஓட்டினால் அது பார்த்து அறிக்கை மட்டும் தரும், எதையும் தொடாது. அது பரவாயில்லை. அதோடு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிரைவின் உடம்பையும் பாருங்கள். செக்டர் என்பது டிரைவில் எழுதும் மிகச் சின்ன இடம். மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு வரிகளையும் கவனியுங்கள். மஞ்சள் நிறம் காட்டினாலோ, டிரைவ் "டிக் டிக்" என்று சத்தம் போட்டாலோ, மாற்றுகிற யோசனையை விட்டுவிட்டுப் புது டிரைவ் வாங்கக் காசு தேடுங்கள். நோயாளிக்கு வீடு மாற்றிக் கொடுத்து நோய் போகாது.

டிரைவ் நல்லது என்று தெரிந்தால் இரண்டு வழி. நான் விரும்புவது முதலாவது. 640 ஜிபி கொள்கிற ஒரு டிரைவை யாரிடமாவது இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்குங்கள். ஒரே டிரைவ் கிடைக்காவிட்டால் லெப்டொப்பில் கொஞ்சம், நண்பரிடம் கொஞ்சம் என்று பிரித்துப் போடுங்கள். எல்லாவற்றையும் அங்கே கொப்பி செய்து, உங்கள் டிரைவைப் புதிதாக ஃபோமட் செய்து, திரும்பக் கொண்டுவந்து வையுங்கள். யூஎஸ்பி 2 என்றால் வினாடிக்கு 30 எம்பி அளவில் போகும், போக மட்டும் ஆறு மணித்தியாலம். யூஎஸ்பி 3 இல், டிரைவும் தாங்கினால், இரண்டு மணித்தியாலம். சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும்.

இந்தக் கொப்பியை மவுசால் இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள். வின்டோஸ் விஸ்டாவிலிருந்து எல்லா வின்டோஸிலும் ரோபோகொப்பி என்றொரு கட்டளை உள்ளேயே இருக்கிறது. கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையை, அதாவது கொமாண்ட் ப்ரொம்ப்ட்டைத் திறந்து இப்படித் தட்ட வேண்டும், எழுத்துகள் மட்டும் ஆங்கிலத்தில்:

ரோபோகொப்பி ஈ:\ எஃப்:\பிரதி /ஈ /ஆர்:1 /டபிள்யூ:1

முதலாவது உங்கள் டிரைவ், இரண்டாவது போய்ச் சேரும் இடம். அடுத்த ஈ, உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புறைகளையும் எடு என்பதற்கு. கடைசி இரண்டும், ஒரு கோப்பை வாசிக்க முடியாவிட்டால் ஒரு தடவை மட்டும், ஒரு வினாடி காத்திருந்து, திரும்ப முயற்சி செய் என்பதற்கு. அதைப் போடாவிட்டால் பழுதான ஒரு கோப்பின் வாசலிலேயே பத்து இலட்சம் தடவை தட்டிக்கொண்டு நிற்கும். இதன் பெரிய நன்மை, பாதியில் நின்றாலும் அதே வரியைத் திரும்பத் தட்டினால் போதும். முடிந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய நாட்களில் நான் ஒரு டிரைவை இப்படித்தான் நான்கு தவணையில் கொப்பி செய்து முடித்தேன். யாராவது எம்ஐஆர் என்ற எழுத்துகளைச் சேர்க்கச் சொன்னால் சேர்க்காதீர்கள். மூலத்தில் இல்லாததை எல்லாம் போய்ச் சேரும் இடத்திலிருந்து அழித்துவிடும் கட்டளை அது. இரவல் டிரைவில் நண்பரின் பொருளும் இருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். பண்புகளைத் திறந்தால் அளவு என்று ஒரு வரியும், வட்டில் பிடிக்கும் அளவு என்று இன்னொரு வரியும் வரும். பார்க்க வேண்டியது முதல் வரியை. இரண்டாவது, துண்டு அளவைப் பொறுத்து மாறும், அது பொருந்தாததைப் பார்த்துப் பயந்து திரும்பக் கொப்பி செய்தவர்கள் இருக்கிறார்கள். அதோடு நிற்காமல், பிரதியை வேறொரு கொம்பியூட்டரில் செருகி, பெரிய வீடியோக்கள் நாலைந்தை நடுவிலும் கடைசியிலும் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஃபோமட் செய்யும்போது விரைவு ஃபோமட் என்ற இடத்தில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். முழு ஃபோமட்டுக்கு மூன்று மணித்தியாலமாவது போகும். ஆனால் அது டிரைவின் மூலை முடுக்கெல்லாம் எழுதிப் பார்க்கும், பழைய டிரைவுக்கு அதைவிட நல்ல பரிசோதனை கிடைக்காது. துண்டு அளவைத் தொட வேண்டாம், அது தருவதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, இரவல் டிரைவ் எங்கேயும் கிடைக்காதவர்களுக்கு. திரும்பக் கிடைக்காத 80 ஜிபியைப் பென் டிரைவிலும் லெப்டொப்பிலுமாக இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டளையிடம் ஒப்படைப்பது. நிர்வாகி உரிமையோடு கறுப்புத் திரையைத் திறந்து:

கன்வர்ட் ஈ: /எஃப்எஸ்:என்டிஎஃப்எஸ் /நோசெக்யூரிட்டி

கடைசிச் சொல், எந்தக் கொம்பியூட்டரில் செருகினாலும் உரிமை கேட்டுத் தடுக்காமல் எல்லாருக்கும் திறந்து வைக்கிறது. வெளி டிரைவுக்கு அது வசதி. என்டர் தட்டியதும் டிரைவின் தற்போதைய பெயரைக் கேட்கும். இங்கேதான் பலர் திகைத்து நிற்கிறார்கள். தவறான டிரைவை மாற்றிவிடாமல் இருக்க அது செய்கிற காவல் அது. கோப்பு உலாவியில் டிரைவ் எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரை அப்படியே தட்டுங்கள். பெயரே வைக்கவில்லை என்றால் வெறுமனே என்டர். பிறகு அது கோப்புகளைச் சரிபார்க்கும், தனக்கு எவ்வளவு காலி இடம் வேண்டும் என்று கணக்குச் சொல்லும். உங்களிடம் 290 ஜிபி காலி, கவலையில்லை. சரிபார்ப்பில் பிழை கண்டால் மாற்றாமலே நின்றுவிடும். அப்போதுதான் செக்டிஸ்க்கைத் திருத்தச் சொல்லி ஓட்ட வேண்டும், பிரதி கையில் இருக்கிறது என்ற துணிவோடு.

எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஜிபியைவிடக் கோப்புகளின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஏனென்றால் உங்கள் வீடியோக்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். காலி இடத்தில் உட்கார்ந்து என்டிஎஃப்எஸ் கணக்குகளைப் புதிதாக எழுதுவதுதான் வேலை. இனி உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பழைய ஃபாட் அட்டவணையைக் கலைக்காமல் புதிய கணக்கை எழுதி முடித்துவிட்டு, டிரைவின் முதல் செக்டரை மாற்றுவதைக் கடைசியில்தான் செய்கிறது. அந்த இடத்துக்கு வரும்வரை டிரைவ் ஃபாட்32தான். எனவே நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போய்விடும் என்பது அவ்வளவு சரியில்லை. ஆனால் கடைசி நிமிடத்தில் போனால், அல்லது டிரைவ் எழுதிவிட்டேன் என்று சொல்லித் தன் நினைவகத்தில் மட்டும் வைத்திருந்த நேரத்தில் போனால், நான் பொறுப்பில்லை. கட்டளையை எழுதியவர்களும் பொறுப்பில்லை. இன்னொன்று, இது ஒருவழிப் பாதை. திரும்ப ஃபாட்32 வேண்டும் என்றால் அழித்து ஃபோமட்தான் செய்ய வேண்டும். எக்ஸ்ஃபாட்டாக மாற்ற இந்தக் கட்டளை உதவாது.

இரண்டு வழியில் எதைச் செய்தாலும் மேசைக் கொம்பியூட்டரில் செய்யாமல் லெப்டொப்பில் செய்யுங்கள். அதற்கு முன் லெப்டொப்பின் வயரைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் பட்டரியில் நிற்கிறதா என்று பாருங்கள். உங்கள் டிரைவ் உள்ளங்கை அளவில் இருந்தால் அது யூஎஸ்பி வழியாகவே கரண்ட் எடுக்கும், லெப்டொப் பட்டரி அதையும் தாங்கும். செங்கல் அளவில், தனி அடப்டரோடு வருவது என்றால் லெப்டொப் உயிரோடு இருந்தும் டிரைவ் செத்துப்போகும். அதற்கு யூபிஎஸ் ஒன்றுதான் வழி. லெப்டொப் தூங்கப் போகும் நேரத்தை "ஒருபோதும் இல்லை" என்று வைத்துவிடுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்து இடி தெரிந்ததுதானே. அந்த மாதங்களில் இதைக் காலை வேளையில் முடித்துவிடுவது நல்லது. மின்னல் கரண்ட் வயரில் மட்டும் வருவதில்லை, டெலிபோன் வயரிலும் வரும். வைகாசிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் ஈரம். குளிரில் கிடந்த டிரைவை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்து உடனே செருகாதீர்கள். மூக்குக் கண்ணாடியில் படிவது போல அதிலும் ஈரம் படியும், ஒரு மணித்தியாலம் விட்டுச் செருகுங்கள். மலையில் காற்று மெலிது, ஹாட் டிஸ்க் தாங்குமா என்று நுவரெலியாவிலிருந்து ஒருவர் ஒரு தடவை கேட்டார். நல்ல கேள்விதான், டிரைவின் தலைப்பகுதி உள்ளே காற்றில்தான் மிதக்கிறது. சாதாரண டிரைவுகளை 3,000 மீட்டர் உயரம்வரை இயக்கலாம் என்று செய்கிறவர்களே எழுதியிருப்பார்கள். நுவரெலியா 1,868 மீட்டர், பிதுருதலாகலை உச்சியே 2,524. தாராளமாக ஓடும்.

மாற்றிய பிறகு ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். ஃபாட் சுவர்க் கடிகாரத்தில் இருந்த நேரத்தை அப்படியே எழுதும். என்டிஎஃப்எஸ் உலகப் பொது நேரத்தில் எழுதி, பார்க்கும் கொம்பியூட்டரின் ஊருக்கு ஏற்றபடி காட்டும். கட்டாரில் இருக்கும் அண்ணன் விடுமுறைக்கு வந்து, தன் லெப்டொப்பில் கடிகாரத்தை மாற்றாமல் இந்த டிரைவைச் செருகினால், இரவு 10 மணிக்கு எழுதிய கோப்பு 7.30 என்று காட்டும். டிரைவ் பழுது இல்லை.

பாடசாலையில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட கொம்பியூட்டர் இருக்கிறது என்றீர்கள். லினக்ஸ் என்டிஎஃப்எஸ்ஸை வாசிக்கும், எழுதும். வின்டோஸில் முறையாகக் கழற்றாமல் பிடுங்கிக்கொண்டு போனால் மட்டும் எழுத மறுக்கலாம். அந்தக் கொம்பியூட்டரின் சொந்த வட்டு, லினக்ஸின் முறையான எக்ஸ்ட்4 இல் இருந்தால் அப்படியே விடுங்கள், அதிலும் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. ரீஎஃப்எஸ் என்ற இன்னொரு வின்டோஸ் முறையின் பெயரையும் எங்கோ படித்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். 2012 இல் சேர்வர்களுக்காக வந்தது. உங்கள் டிவிக்கு அது யாரென்றே தெரியாது.

எல்லாம் முடிந்து 11 ஜிபி கூத்தும் ஏறிவிட்டால், இரவல் டிரைவை அன்றைக்கே அழித்துக் கொடுத்துவிட வேண்டாம். நண்பரிடம் கெஞ்சி இன்னும் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது வரியில் சிக்கினால் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். குரல் பதிவு மட்டும் அனுப்ப வேண்டாம், போன தடவை அனுப்பியதில் கொழுந்து லொறிச் சத்தத்தைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.